முதியோரிடம் கற்றல்: வயதுப் பாகுபாட்டிற்கு எதிரான கல்வி

முதுமையின் பொருட்டு மனிதரை இழிவாக எண்ணும் வழக்கம் பழமையானது. அதற்கு வழங்கும் பெயரோ அண்மைக்காலத்தது. 1969இல், வாஷிங்டனை அடுத்த செவி சேஸ் பகுதியில் வறிய முதியோருக்கு வீடுகள் ஒதுக்கும் திட்டத்தை அங்கு வாழ்ந்தோர் எதிர்த்தனர். அதனைக் கண்ட மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர், அம்மனப்பான்மையை ‘ஏஜிசம்’ என்றழைத்தார். நாம் அதனை வயதுப் பாகுபாடு எனலாம்.

உதவி செய்யப் புறப்படுவோரையும் இது விட்டுவைப்பதில்லை. சமூகப்பணி மாணவர் பலர் குழந்தைகளிடையே பணியாற்ற விரும்பி, முதியோர் பணியைக் கடைசியில் வைக்கின்றனர். இதனை விரிவுரையால் மட்டும் மாற்றவியலாது. 1898இல் நியூயார்க்கில் சமூகப்பணிக் கல்வி தொடங்கிய நாள்முதல் களப்பணியும் அதனோடு இணைந்தே வளர்ந்தது. ஆயின், முதியோரை நோயாளராகவும் உதவி வேண்டுவோராகவும் மட்டுமே சந்திக்கும் மாணவர், தம் பழைய எண்ணம் வலுப்பெற்றே திரும்பக்கூடும். காதில் பஞ்சடைத்து, கண்ணாடியில் களிம்பு பூசி, முதுமையை நடித்துப் பார்க்கும் பயிற்சியிலும் இவ்வாபத்து உண்டு. முதுமை என்பது தளர்ச்சி மட்டுமன்று.

எத்தகைய சந்திப்பு பயன்தரும்? 1954இல் உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் இதற்கு நான்கு நிபந்தனைகளைக் கூறினார்: சமநிலை, பொதுவான நோக்கம், கூட்டுழைப்பு, நிறுவனத்தின் ஆதரவு. இன வெறுப்பைக் குறித்து எழுந்த இக்கருத்து முதுமைக்கும் பொருந்தும்.

மேகி கூன் அம்மையாரின் வாழ்வு இதற்குச் சான்று. அமெரிக்கப் பிரஸ்பிடேரியன் திருச்சபையில் பணியாற்றிய அவர், 1970இல் 65 வயது நிறைந்ததால் கட்டாய ஓய்வு பெற்றார். அவ்வாண்டே நண்பர் ஐவருடன் அவர் தொடங்கிய இயக்கம் பின்னர் ‘கிரே பேந்தர்ஸ்’ எனப் பெயர் பெற்றது. வியட்நாம் போரை எதிர்த்த இளைஞர் அதில் முதியோருடன் தோளோடு தோள் நின்றனர். பிலடெல்பியாவில் தம் இல்லத்திலேயே இளையோருடன் அவர் கூடி வாழ்ந்தார். அங்கு முதியோர் இரக்கத்திற்குரியோர் அல்லர், தோழர். 1986இல் அமெரிக்கச் சட்டம் பெரும்பாலான பணிகளில் கட்டாய ஓய்வை நீக்கியது.

அவரை வயதின் பொருட்டு வெளியேற்றியது ஒரு திருச்சபையே என்பதை நாம் மறத்தலாகாது. அனுபவவழிக் கல்வியோ நமக்குப் புதிதன்று. ஆன்டன் பாய்சன் 1925இலேயே இறையியல் மாணவரை வுஸ்டர் மனநல மருத்துவமனைக்கு அழைத்து, நோயாளரின் வாழ்வையே நூலாகக் கற்கச் செய்தார். எனினும் நம் மாணவர் முதியோர் இல்லம் செல்லும்போது, ஜெபித்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாயிருக்கிறது. அங்குள்ளோரை ஆசிரியராக ஏற்று, அவர்தம் வாழ்க்கை வரலாற்றைக் கேட்டெழுதி, அவரோடு ஒரு பணியைத் திட்டமிட்டு நிறைவேற்றும் பயிற்சியை நம் பாடத்திட்டத்தில் சேர்ப்போமா? கொடுக்க மட்டுமே கற்ற ஊழியர், பெற்றுக்கொள்ளவும் கற்க வேண்டும்.