இரண்டு பென்னியின் தடம்

ஒரே ஒரு வரியில் தொடங்கிய தேடல் இது. சிறைப்பட்ட பெண்களுக்காக 1983இல் லண்டனில் உருவான 'விமன் இன் பிரிசன்' அமைப்பைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். அதன் தொடக்க காலத்தில் ஜிஎல்சி, அதாவது கிரேட்டர் லண்டன் கவுன்சில், நிதி கொடுத்தது என்று போகிறபோக்கில் ஒரு குறிப்பு. அதைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. இங்கிலாந்தில் அப்போது சிறைகள் உள்துறை அமைச்சகத்தின் பொறுப்பு. நகர மன்றத்தின் வேலை வீட்டுவசதி, போக்குவரத்து, தீயணைப்பு, குப்பை. சிறைக்கதவுக்கும் அதற்கும் என்ன தொடர்பு? தணிக்கையாளர் இந்தச் செலவைப் பார்த்ததும் "எந்தச் சட்டப்படி?" என்றுதான் முதலில் கேட்டிருப்பார். எனக்கும் அதே கேள்வி.

ஜிஎல்சியின் ஆவணங்கள் கிளார்க்கன்வெல் பகுதியில், 2024 முதல் 'த லண்டன் ஆர்க்கைவ்ஸ்' என்ற பெயரில் இயங்கும் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. வாசிப்பறைக்குள் பேனா கூடாது, பென்சில்தான். முதல் நாள் முழுவதும் வீண். 'சிறை', 'பெண் கைதி' என்று அட்டவணையில் தேடினேன். கைக்கு ஒன்றும் சிக்கவில்லை. 'ஹாலோவே' என்று தேடினால் அந்த வட்டாரத்துச் சாலைகளும் குடியிருப்புகளும் வரிசையாக வந்து நின்றன. லண்டனின் பெண்கள் சிறை இருந்த இடத்தின் பெயர் அது. நான் தேடிய பெண்கள் அந்தப் பெயருக்குள் இல்லை.

ஆகவே கோப்பை விட்டு ஆளைத் தேடினேன். அமைப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர் கிறிஸ் சைக்கோவ்ஸ்கி. இன்னொருவர் குற்றவியல் அறிஞர் பேட் கார்லன். கிறிஸ் தாமே ஹாலோவேயில் கைதியாக இருந்தவர். 1974இல் அவர் உள்ளே இருந்தபோது ஒரு பெண் தன் அறைக்குள்ளேயே தீயில் கருகி இறந்தார். அந்தச் சாவை கிறிஸ் மறக்கவே இல்லை. வெளியே வந்தபின், உள்ளே இருப்பவர்களுக்காக, உள்ளே இருந்தவர்களே நடத்தும் ஒரு அமைப்பு வேண்டும் என்று நின்றார். 1985இல் கார்லனும் அவரும் வேறு சில பெண்களும் சேர்ந்து எழுதிய 'கிரிமினல் விமன்' என்ற நூலில் சிறைக்குப் போன பெண்கள் தம் வாழ்க்கையைத் தாமே சொல்கிறார்கள். பெண் கைதிகளில் ஏறக்குறைய பாதிப்பேர் வீட்டு வன்முறையை அனுபவித்தவர்கள் என்று அரசு கேட்டு எழுதப்பட்ட கோர்ஸ்டன் அறிக்கை பின்னால் 2007இல் சொன்னது. அடிபட்டவள் ஒருத்தி, அடைபட்டவள் இன்னொருத்தி என்று நாம் இரண்டு கோப்புகளாகப் பிரித்துவைத்திருக்கிறோம். பெரும்பாலும் அவள் ஒருத்திதான்.

இந்த எண்ணத்தோடுதான் ஜிஎல்சி மகளிர் குழுவின் தாள்களைக் கேட்டு வாங்கினேன். 1981 மே மாதம் லேபர் கட்சி ஜிஎல்சியைப் பிடித்தது. கென் லிவிங்ஸ்டன் தலைவரானார். மறு ஆண்டே மகளிர் குழு அமைந்தது, தலைவர் வேலரி வைஸ். குழந்தைக் காப்பகம், பெண்கள் புகலிடம், ஆலோசனை மையம் என்று மானிய விண்ணப்பங்கள் குவிந்த குழு அது. மன்ற அறிக்கைகளைப் படிக்கும்போது எல்லாரும் முன்பக்கத்திலேயே நின்றுவிடுகிறோம். விடை வாலில் இருக்கிறது. எந்த அதிகாரத்தின்கீழ் இந்தச் செலவு என்பதை அங்கேதான் எழுதுவார்கள். அங்கே இருந்த எண் 137.

1972ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், பிரிவு 137. வேறு சட்டம் எதுவும் இடம் தராத ஒரு காரியம், ஆனால் தன் பகுதிக்கோ அங்கு வாழ்பவர்களுக்கோ நன்மை என்று மன்றம் கருதினால், அதற்குச் செலவழிக்கலாம். எல்லை ஒன்றுதான்: சொத்துவரி மதிப்பில் பவுண்டுக்கு இரண்டு பென்னி. 1963ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு பென்னியாக வைத்திருந்ததை 1972இல் உயர்த்தியிருந்தார்கள். சிற்றூர் மன்றத்துக்கு அது சில்லறைக் காசு. லண்டன் முழுவதன் சொத்து மதிப்பில் இரண்டு பென்னி என்றால் பெரும்பணம். பூட்டிய அறைக்குள் இருந்தாலும் அவள் லண்டன்காரிதான் என்று ஏற்றுக்கொண்ட நாளில் அந்தப் பணம் சிறை வாசல்வரை போயிற்று.

இதற்கு முன் அடிபட்ட பெண்களுக்காக உள்ளாட்சிகள் என்ன செய்தன என்று பின்னோக்கிப் போனால் மேற்கு லண்டனின் சிஸ்விக் வருகிறது. 1971இல் எரின் பிஸ்ஸி அங்கே ஒரு பாழடைந்த வீட்டில் பெண்கள் கூடும் இடத்தைத் தொடங்கினார். வீடு ஹவுன்ஸ்லோ மன்றம் கொடுத்தது. கணவனிடம் அடிபட்ட பெண்கள் குழந்தைகளோடு வந்து இரவு தங்கத் தொடங்கினார்கள். யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்பது பிஸ்ஸியின் விதி. பெரிய வீட்டுக்கு மாறியும் இடம் போதவில்லை. 36 பேருக்கு மேல் கூடாது என்று அதே மன்றம் வரம்பு போட்டது. சோதனைக்கு வந்தபோது உள்ளே 75 பேர். வழக்கு அப்போதைய உச்ச நீதிமன்றமான பிரபுக்கள் சபைவரை போய் 1977இல் பிஸ்ஸி தோற்றார். தீர்ப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. அதே ஆண்டில்தான் வீடற்றோர் சட்டமும் வந்தது. வீட்டில் வன்முறைக்கு அஞ்சி வெளியேறும் பெண்ணையும் வீடற்றவளாகக் கருத வேண்டும் என்று அது மன்றங்களைக் கட்டாயப்படுத்தியது.

1986 மார்ச் 31ஆம் தேதியோடு ஜிஎல்சி கலைக்கப்பட்டது. தாட்சர் அரசின் முடிவு அது. தடம் அங்கே அறுந்துவிட்டதென்றே நினைத்தேன். கலைத்த சட்டத்தையே எடுத்துப் படித்தபோதுதான் 48ஆம் பிரிவு கண்ணில் பட்டது. தன்னார்வ அமைப்புகளுக்கான மானியத்தை லண்டனின் பரோக்கள், அதாவது வட்டார மன்றங்கள், சேர்ந்து தொடர அது வழி விட்டிருந்தது. வரவுசெலவுக்கு மூன்றில் இரண்டு பங்கு மன்றங்கள் ஒப்ப வேண்டும். அந்தத் திட்டத்தின் வாரிசாக, லண்டன் கவுன்சில்ஸ் அமைப்பு குடும்ப, பாலியல் வன்முறைக்கு எதிரான பணிகளுக்கு நிதி தந்துவருகிறது. 137ஐ 1989ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கிவிட்டது.

ஜிஎல்சி பணத்தில் மையம் திறந்த இன்னொரு பெண்கள் அமைப்பு சவுத்தால் பிளாக் சிஸ்டர்ஸ். பின்னர் ஈலிங் மன்றம் அதற்கு நிதி தந்தது. கிரண்ஜித் அலுவாலியா பத்தாண்டுகள் கணவனின் வன்முறையைத் தாங்கியவர். 1989இல் உறங்கிய கணவன்மீது பெட்ரோல் ஊற்றித் தீவைத்தார், கணவன் இறந்தார், அலுவாலியாவுக்கு ஆயுள் தண்டனை. அவருக்காக இந்த அமைப்பு தெருவிலும் நீதிமன்றத்திலும் போராடியது. 1992இல் கொலைத் தீர்ப்பு ரத்தானது. அதைவிடக் குறைந்த குற்றத்துக்கான தண்டனையை ஏற்கெனவே சிறையில் கழித்துவிட்டதால் விடுதலையானார். வன்முறையும் சிறையும் ஒரே பெண்ணின் உடலில் சந்தித்த வழக்கு அது. பிற்காலத்தில் ஈலிங் மன்றம் நிதியை நிறுத்தப் பார்த்தது. 2008இல் அமைப்பினர் உயர் நீதிமன்றம் போனார்கள், மன்றம் பின்வாங்கியது. உள்ளாட்சியின் பணத்தில் வளர்ந்தவர்கள் அந்தப் பணத்துக்காகவே உள்ளாட்சியை எதிர்த்து நின்றார்கள் என்பதில் எனக்குப் பெருமிதம் உண்டு.

ஹாலோவே சிறை 2016இல் மூடப்பட்டது. அந்த நிலத்தில் பெண்களுக்கென்று ஒரு கட்டடம் வேண்டும் என்று இஸ்லிங்டன் மன்றம் 2018இல் தன் திட்ட ஆவணத்தில் எழுதிவைத்தது. 2019இல் பீபாடி வீட்டுவசதி நிறுவனம் நிலத்தை 8.15 கோடி பவுண்டுக்கு வாங்கியது. அதில் 4.2 கோடி லண்டன் மேயர் தந்த கடன். வீடுகள் 985, உயரங்கள், மரங்கள் என்று நீளும் அதன் திட்டக் கோப்பில் பெண்கள் கட்டடத்தைப் பற்றிய பக்கங்களுக்கு நேராகப் போனேன். இடம் எங்கே, சுவர் எப்படி என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கதவு திறந்தபின் உள்ளே வருகிற பெண்ணுக்காக ஆண்டுதோறும் யார் செலவழிப்பார்கள், எந்தப் பிரிவின்கீழ் என்று தேடிக்கொண்டிருக்கிறேன்.