பொதுவாழ்வின் தூய்மையும் குடியியல் உரிமையும்: காரியப்பர் வழக்கை முன்வைத்துச் சில குறிப்புகள்

கிழக்கிலங்கை முஸ்லிம்களின் அரசியல் வரலாற்றைப் பேசுவோர் கேட் முதலியார் எம்.எஸ். காரியப்பரைத் தவறாமல் குறிப்பிடுவர். 1947இல் அமைந்த முதலாவது பாராளுமன்றத்தில் கல்முனையைப் பிரதிநிதித்துவப்படுத்தியவர் அவர். 1956இல் தமிழரசுக் கட்சியின் வேட்பாளராக வென்று, பின்னர் ஆளும் தரப்போடு இணைந்தவர். 1965இல் மீண்டும் அதே தொகுதியில் வெற்றி பெற்றவர். இவை நம்மவர் எழுதிய நூல்களில் உள்ளன. ஆனால் அவருடைய பெயர் நமது நூல்களுக்கு வெளியே, பொதுநலவாய நாடுகளின் அரசியலமைப்புச் சட்டம் பயிலும் மாணவர்களின் பாடநூல்களிலும் இடம்பெற்றிருக்கிறது. 'காரியப்பர் எதிர் விஜேசிங்க' என்ற அந்த வழக்கைப் பற்றி நம்மிடையே அதிகம் எழுதப்படவில்லை. மதிப்புக்குரிய ஒருவரின் வாழ்வில் கசப்பான பக்கம் அது என்பதால் ஒதுக்கப்பட்டிருக்கலாம். எனினும் மக்கள் பிரதிநிதியின் ஒழுக்கத்தை யார் விசாரிப்பது, யார் தீர்ப்பது என்ற கேள்வி இந்நாட்டில் மிகக் கூர்மையாக எழுந்தது அவ்வழக்கிலேதான்.

கேள்வி அதற்கு முன்னரே பிறந்துவிட்டது. சர்வசன வாக்குரிமையுடன் 1931இல் அமைந்த அரசாங்க சபையின் உறுப்பினர் சிலர் இலஞ்சம் பெற்றதாகக் குற்றச்சாட்டு எழுந்து, எல்.எம்.டி. டி சில்வா அதனை விசாரித்தார். சோல்பரி அரசியலமைப்பை வரைந்தோருக்கு அந்த அனுபவம் பாடமாயிற்று. உறுப்பினர் என்ற முறையில் தமது தீர்மானத்தை மாற்றும் நோக்குடன் தரப்பட்ட இலஞ்சத்தைப் பெற்றார் என்று நீதிமன்றமோ, சபையின் அங்கீகாரத்துடன் நியமிக்கப்பட்ட ஆணைக்குழுவோ, சபையின் குழுவோ கண்டால், அவர் ஏழு ஆண்டுகளுக்குப் பாராளுமன்றத்தில் இருக்கத் தகுதியற்றவராவார் என்று அது விதித்தது. இந்த 'ஏழு ஆண்டு' என்ற கணக்கை வாசகர் நினைவில் வைத்திருக்க வேண்டும். பின்னரும் அது திரும்பத் திரும்ப வருகிறது.

1954இல் இலஞ்சச் சட்டம் வந்தது. 1959 செப்டெம்பரில், பிரதமர் பண்டாரநாயக்க சுடப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன், பாராளுமன்ற உறுப்பினர்கள் மீதான இலஞ்சக் குற்றச்சாட்டுகளை விசாரிக்க மகாதேசாதிபதி ஓர் ஆணைக்குழுவை நியமித்தார். தல்கொடபிட்டிய அதன் தலைவர். 1960இல் வெளிவந்த அதன் அறிக்கை, சிலர் மீதான குற்றச்சாட்டுகள் நிரூபிக்கப்பட்டுள்ளன என்றது. அவர்களுள் காரியப்பரும் ஒருவர். ஆனால் 1948ஆம் ஆண்டின் விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ் அமைந்த அந்த ஆணைக்குழுவின் முடிவு, எவரையும் தானாகத் தண்டிப்பதுமில்லை, பதவியிலிருந்து நீக்குவதுமில்லை. அது வெறும் அறிக்கை. அறிக்கைகள் அலுமாரியில் தூங்குவது இந்நாட்டில் நேற்று இன்று தொடங்கிய வழக்கமல்ல.

ஐந்தாண்டுகள் கழிந்தன. 1965 மார்ச் தேர்தலில் கல்முனை வாக்காளர் காரியப்பரைத் தெரிவுசெய்தனர். டட்லி சேனாநாயக்கவின் தேசிய அரசாங்கம் பதவியேற்றது. அவ்வாண்டு நவம்பர் 16இல் குடியியல் தகுதியீனங்களை விதிக்கும் விசேட ஏற்பாடுகள் சட்டம், 1965ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டமாக வந்தது. ஆணைக்குழுவினால் குற்றம் நிரூபிக்கப்பட்டவர்களாகக் காணப்பட்டோர் ஏழு ஆண்டுகளுக்கு வாக்களிக்கவோ, தேர்தலில் நிற்கவோ, பாராளுமன்றத்தில் இருக்கவோ முடியாது. அரசியலமைப்பைத் திருத்துவதற்குத் தேவையான மூன்றில் இரண்டு பெரும்பான்மையுடன் அது நிறைவேறியது என்பதற்குச் சபாநாயகரின் சான்றிதழும் இருந்தது. காரியப்பரின் ஆசனம் வெற்றிடமானது.

அவர் வாளாவிருக்கவில்லை. தம்மை உறுப்பினராக ஏற்று, தமக்குரிய வேதனத்தைத் தருமாறு பிரதிநிதிகள் சபையின் கிளாக்காக இருந்த சாம் விஜேசிங்கவுக்கு ஆணையிடும்படி உயர் நீதிமன்றத்திடம் பேராணை கோரினார். அவரது வாதம் எளிதில் தள்ளிவிடக்கூடியதல்ல. பெயர் தெரிந்த சிலரைக் குறிவைத்து, அவர்கள் ஏற்கனவே செய்ததாகச் சொல்லப்படும் செயலுக்காக, பாராளுமன்றமே தண்டனை விதிக்கிறது. இது சட்டமியற்றல் அல்ல, தீர்ப்பு. தீர்ப்பளிப்பது நீதிமன்றத்துக்குரிய அதிகாரம் என்பதே அதன் சாரம்.

இந்த வாதத்துக்குப் பலம் சேர்க்கும் தீர்ப்பொன்று அச்சட்டம் வந்த சில நாட்களிலேயே வெளியானது. 1962 சதிப்புரட்சி முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டோருக்கெனத் தனியாக இயற்றப்பட்ட சட்டங்களை, அவை நீதித்துறையின் அதிகாரத்தில் தலையிடுகின்றன என்று கூறி, இலண்டன் பிரிவிக் கவுன்சில் 1965 டிசம்பரில் செல்லாதனவாக்கியது. லியனகே வழக்கு என்பது அதுவே. சதி செய்ததாகக் குற்றவாளிகளாக்கப்பட்டோர் விடுதலையாயினர். அவர்களைக் காத்த நியாயம் தம்மையும் காக்கும் என்று காரியப்பர் எதிர்பார்த்ததில் வியப்பில்லை.

காக்கவில்லை. உயர் நீதிமன்றம் அவரது விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்தது. 1967இல் பிரிவிக் கவுன்சிலும் அவரது மேன்முறையீட்டை நிராகரித்தது. பாராளுமன்றம் எவரையும் குற்றவாளி என்று தீர்மானிக்கவில்லை, ஆணைக்குழு கண்ட முடிவை வைத்து ஒரு விளைவை மட்டுமே விதித்தது, அந்த விளைவும் தண்டனையாகாது, பொதுவாழ்வைத் தூய்மையாக வைத்திருப்பதற்கான ஏற்பாடே அது என்பதுதான் அத்தீர்ப்பின் அடிப்படை.

சட்டநோக்கில் இவ்வேறுபாடு நுட்பமானது. லியனகே வழக்கில் இருந்தது சிறையும் சொத்துப் பறிமுதலும். இங்கே இருந்தது பொதுப் பதவிக்கான தகுதி. நம்பிக்கைக்குப் பாத்திரமற்றவரைப் பொறுப்பிலிருந்து விலக்குவதும் அவரைத் தண்டிப்பதும் ஒன்றல்ல. பள்ளிவாசல் நிர்வாகக் கணக்கில் தவறு கண்டால் நம்பிக்கையாளரை மாற்றும் நமது மஹல்லாக்கள் இதை நன்கறியும். அமானிதம் பேணாதவரிடம் மீண்டும் அமானிதத்தை ஒப்படைப்பதில்லை. அந்த அளவில் தீர்ப்பு நியாயமானதே. ஆனால் தகுதியற்றவர் என்று முடிவு செய்தது யார் என்ற வினா அப்படியே நிற்கிறது. அறிக்கைக்குச் சட்டவலுவைக் கொடுத்தோர் அரசியல் போட்டியாளர்கள். அறிக்கை வெளிவந்து ஐந்தாண்டுகளின் பின்னும் அவரைத் தெரிவுசெய்த கல்முனை மக்களின் வாக்கு என்னவாயிற்று என்று அத்தீர்ப்பு கேட்கவில்லை. சட்டத்தின் கேள்வியாக அது இல்லாதிருக்கலாம். அரசியலின் கேள்வி அதுவே.

ஆயுதம் ஒருமுறை வடிக்கப்பட்டால் அடுத்து அதை யார் கையில் எடுப்பார் என்பதைச் சொல்ல முடியாது. 1978ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க விசேட ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுக்கள் சட்டத்தின் கீழ் சிறிமாவோ பண்டாரநாயக்க விசாரிக்கப்பட்டார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அதில் குறுக்கிட்டபோது, அரசியலமைப்பின் முதலாவது திருத்தம் அந்த நியாயாதிக்கத்தையே அதனிடமிருந்து எடுத்துவிட்டது. 1980 ஒக்டோபர் 16இல் பாராளுமன்றம் அவருடைய குடியியல் உரிமைகளைப் பறித்தது. மீண்டும் ஏழு ஆண்டுகள். அவர் மீது காணப்பட்டது இலஞ்சமல்ல, அதிகார துஷ்பிரயோகம். அதன் பயனாக 1982 ஜனாதிபதித் தேர்தலில் அவரால் நிற்க இயலவில்லை. கொப்பேகடுவ போட்டியிட்டார். உரிமைகள் 1986இல் திருப்பி அளிக்கப்பட்டபோது நாட்டின் அரசியல் வேறு பாதையில் நெடுந்தூரம் போயிருந்தது. இலஞ்சம் வாங்கியவரை விலக்குவதற்கென வந்த முறை, எதிரணித் தலைவியை விலக்கும் முறையாக மாறுவதற்குப் பதினைந்து ஆண்டுகளே தேவைப்பட்டன. 1978 அரசியலமைப்பின் 81ஆம் உறுப்புரை வழங்கிய அந்த அதிகாரத்தைத் தூசு தட்டும் முயற்சி 2021இலும் நடந்தது. அவ்வாண்டும் அதே சட்டத்தின் கீழ் ஒரு விசேட ஆணைக்குழு நியமிக்கப்பட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆட்களை விலக்குவதில் இத்தனை வேகம் காட்டிய பாராளுமன்றம், பணத்தைக் கண்காணிப்பதில் அவ்வேகத்தைக் காட்டியதில்லை. பொது நிதி மீதான முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது என்று 148ஆம் உறுப்புரை சொல்கிறது. அரசாங்கக் கணக்குகள் குழு குடியேற்ற காலத்திலிருந்தே உண்டு. கூட்டுத்தாபனங்களைக் கவனிக்கக் கோப் குழு 1979இல் அமைந்தது. 2015 பெப்ரவரி 27இல் நூறு கோடி ரூபாவுக்கென அறிவிக்கப்பட்ட திறைசேரி முறி ஏலத்தில் ஆயிரம் கோடி ரூபாவுக்கு மேல் ஏற்கப்பட்டதைக் கோப் குழு துருவி விசாரித்தது. 2016இல் வந்த அதன் அறிக்கையில் ஆளும் கட்சி உறுப்பினர்கள் தமது மாற்றுக் கருத்துகளை அடிக்குறிப்புகளாகச் சேர்த்தனர். நாடே அந்த அடிக்குறிப்புகளைப் பற்றிப் பேசிற்று. எவ்வாறாயினும் அன்று கேள்வி கேட்கப்பட்டது, விடை அச்சில் வந்தது. 2018இல் தேசிய கணக்காய்வுச் சட்டமும் நிறைவேறியது.

ஆயினும் 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாதென அறிவித்தது. அதற்கு வழிவகுத்த தீர்மானங்களை எடுத்தோர் பொது நம்பிக்கையை மீறினர் என்று 2023 நவம்பரில் கூறியது பாராளுமன்றமல்ல, உயர் நீதிமன்றம். முன்னாள் ஜனாதிபதிகள் இருவரும் அதில் பெயர் குறிக்கப்பட்டனர். வழக்குத் தொடுத்தோர் பிரஜைகள். வரவு செலவுத் திட்டத்துக்கு ஆண்டுதோறும் கையுயர்த்திய சபை, தானே கேட்டிருக்க வேண்டிய கணக்கை வேறிடத்தில் பிறர் கேட்கக் கண்டது.

காரியப்பர் வழக்கை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவரைக் குற்றமற்றவராக்கவும் வேண்டியதில்லை. ஆணைக்குழு கண்டதைக் கண்டதாகவும், அவர் எழுப்பிய வாதத்தை அவருடைய வாதமாகவும், கல்முனை மக்கள் அளித்த வாக்கை வாக்காகவும் எழுதி வைப்பதே வரலாற்றுக்கு நாம் செய்யும் நீதி. நமது பிரதிநிதிகளின் பெருமைகளைத் தொகுத்து நினைவு மலர் வெளியிடுவதில் நாம் குறை வைத்ததில்லை. அவர்கள் கைகளினூடாகச் சென்ற பணத்தின் கணக்கும் ஒரு மலரில் வர வேண்டும். அவர்களை நமக்காக மற்றவர்கள் விசாரிக்கும்வரை காத்திருப்பதைவிட, வாக்களித்த நாமே கேட்பது அவர்களுக்கும் நல்லது, நமக்கும் நல்லது.