ஒரே படம் 6 ஜிபி! நட்சத்திரம் தொலையாமல் சுருக்குவது எப்படி?

சிலி நாட்டில் செர்ரோ பச்சோன் மலைமேல் இருக்கும் வேரா ரூபின் ஆய்வகத்தின் கேமரா 3,200 மெகாபிக்சல் கொண்டது. பிக்சலுக்கு 2 பைட் என்று கணக்குப் போட்டாலே ஒரு படம் 6.4 ஜிபி. ஒரே இரவில் சுமார் 20 டெராபைட் சேரும். சுருக்காமல் வைத்தால் கட்டுப்படியாகாது.

வாட்ஸ்அப்பில் அனுப்பும் போட்டோ சின்னதாகிவிடுகிறதே, அதே மாதிரி சுருக்கினால் என்ன? அது ஜேபெக் வேலை. கண்ணுக்கு எட்டாத நுணுக்கங்களைத் தூக்கிப் போட்டுவிடும். பிறந்தநாள் போட்டோவுக்கு அது போதும். வானியலாளர் தேடும் மங்கலான நட்சத்திரமோ அந்த நுணுக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். மங்கிப்போன சூப்பர்நோவாவை மறுபடி படம் எடுக்கவும் முடியாது. எனவே, விரிக்கும்போது ஒரு பிக்சல்கூட மாறாத சுருக்கம் வேண்டும்.

ஜிப் பண்ணினால் போதாதா?

ஜிஜிப் மென்பொருள், ஒரே வரிசை திரும்ப வந்தால் 'முன்னாடி வந்ததுதான்' என்று குறித்துக்கொள்ளும். எழுத்துக் கோப்புகளுக்கு இது அருமை. வானப் படத்தில் ஒவ்வொரு பிக்சலும் இரைச்சலால் கொஞ்சம் கூடிக் குறைந்திருக்கும். அச்சு அசலாகத் திரும்ப வருவது அபூர்வம்.

நாசாவின் ஜேபிஎல் மையத்தில் ராபர்ட் ரைஸ் 1970-களில் உருவாக்கிய 'ரைஸ்' முறை (அரிசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வேறு மாதிரி. ஒரு பிக்சல் 1,000, பக்கத்து பிக்சல் 1,003 என்றால் வித்தியாசமான 3-ஐ மட்டும் எழுதும். சின்ன எண்ணுக்குக் குறைந்த பிட் போதும்.

பென்ஸ், சீமன், வொயிட் ஆகிய மூவரும் 2009-இல் இவற்றை ஒப்பிட்டார்கள். ஜிஜிப்பைவிட ரைஸ் 2 முதல் 3 மடங்கு வேகம், சுமார் 1.4 மடங்கு அதிகமாகச் சுருக்கியது. ஹெச்கம்ப்ரஸ் ரைஸைவிட இன்னும் கொஞ்சம் சுருக்கும், ஆனால் மெதுவானது. அதை உருவாக்கியவரே வொயிட்தான்! இருந்தும் மூவரும் கைகாட்டியது ரைஸை.

இதற்குமேல் சுருங்காதா?

தடை இரைச்சல்தான். அதில் ஒழுங்கே இல்லாததால் எந்த அல்காரிதத்தாலும் சுருக்க முடியாது. 16 பிட்டில் 6 பிட் இரைச்சல் என்றால், எவ்வளவு கெட்டிக்கார முறையும் 2.7 மடங்கைத் தாண்டாது. ரைஸ் அந்த எல்லையில் 75 முதல் 90 சதவீதத்தை ஏற்கெனவே தொட்டுவிட்டது. இன்னும் சுருக்க வேண்டுமானால் இரைச்சலிலேயே ஒரு பகுதியை வெட்டத்தான் வேண்டும். எவ்வளவு வெட்டினால் நட்சத்திரத்தின் ஒளி அளவு மாறாது என்பதைப் படத்துக்குப் படம் கணக்குப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.