சந்தர்ப்பவாதத் தொற்று

‘சந்தர்ப்பம்’ வடசொல். கோத்தல், தொடுத்தல் என்பது வேர்ப்பொருள். தமிழில் அது தக்க தருணம் என்றானது. எச்.ஐ.வி. கிருமி, நோய் எதிர்ப்புக்கான சிடி4 அணுக்களை ஆண்டுக்கணக்கில் அழிக்கிறது. கன மில்லிமீட்டர் இரத்தத்தில் அவை 200க்குக் கீழே இறங்கினால், நலமான உடலில் அடங்கிக் கிடக்கும் கிருமிகள் அந்தத் தருணம் பார்த்துத் தலைதூக்கும். நியுமோசிஸ்டிஸ் நிமோனியா, கிரிப்டோகாக்கஸ் மூளைக்காய்ச்சல் போன்றவை இப்படி வரும் சந்தர்ப்பவாதத் தொற்றுகள். காசநோய் அதுவரைகூடக் காத்திருப்பதில்லை. இந்தியாவில் இத்தொற்றுகளில் முதலிடம் அதற்கே. 2004 முதல் அரசு எச்.ஐ.வி.க்கான கூட்டுமருந்தை (ஏ.ஆர்.டி.) இலவசமாகத் தருகிறது. திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு. மருந்து தவறாதவருக்கு அணுக்கள் பெரும்பாலும் மீள்கின்றன.

இத்தொற்றின் பெயரில் ‘வாதம்’ என்ற ஒட்டுத்தான் உறுத்துகிறது. அரசியல் மேடையில் வசையாகப் பழகிய சொல், படுத்திருப்பவர் காதில் பழியாக விழும். ‘எதிர்ப்புச் சக்தி குறைந்ததால் வந்த தொற்று’ என்றே வார்டில் சொல்லலாம்.