சுவடியும் படச்சுருளும்

1964இல் இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனி ‘கௌபாய்’ படங்களுக்குப் புதுநெறி காட்டினார். அவ்வலை தமிழ்த்திரையையும் தொட்டது. ஒளிப்பதிவாளராய் விளங்கிய கர்ணன் இயக்குநராகி, ஜெய்சங்கரை நாயகராகக் கொண்டு ‘காலம் வெல்லும்’ (1970), ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ (1972) ஆகிய படங்களை அளித்தார். குதிரையும் கைத்துப்பாக்கியும் மேலைநாட்டு வரவு. பாட்டும் பேச்சும் நம்முடையவை.

வெறும் சண்டைப் படங்களென இவற்றை ஒதுக்குதல் எளிது. ஆயின், முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) படத்தின் சுருளே இன்று கிட்டவில்லை. புகழ்பெற்றதற்கே அந்நிலையெனில், புகழ் குன்றியவை என்னாகும்?

உ.வே.சாமிநாதையர் ஊர்ஊராகச் சுவடி தேடியமையாலன்றோ சங்கநூல்கள் பல அச்சேறின! கீழ்பென்னாத்தூர் போன்ற ஊர்களின் பரண்களிலும் பழைய பாட்டுப்புத்தகங்கள் உறங்கக்கூடும். அவற்றையும் சுவரொட்டிகளையும் தேடித் தொகுத்தல் தமிழ்ப்பணியே. காப்பது முன்னர்; தரம் ஆய்வது பின்னர்.