கள்ளுக்கடையும் பயிற்சித் திடலும்: கெடா தோட்டங்கள் தரும் பாடம்

விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டி, வாளி சுமந்து திரும்பிய தோட்டத் தொழிலாளிக்கு உடலுழைப்பில் குறையேதும் இருந்ததில்லை. எனினும், இரண்டாம் உலகப்போர் முடிந்தபின் கெடா மாநிலத் தோட்டத்து இளைஞர் பலர், அவ்வுழைப்பிற்குப் பின்னரும் அணிநடை பயின்றனர். அதன் காரணத்தை ஆராய்வதே இவ்வுரையின் நோக்கம்.

அவர்கள் தொண்டர் படையினர். பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் ஏ. எம். சாமி அப்படைக்குத் தலைமை தாங்கினார். 1943இல் சுபாஷ் சந்திரபோஸ் தலைமையேற்ற இந்தியத் தேசிய இராணுவத்தில் மலாயாத் தமிழர் பெற்ற பயிற்சி அதற்கு முன்மாதிரியாயிற்று. கள்ளுக்கடைகளை மூடச் செய்வது அதன் முதன்மை நோக்கங்களுள் ஒன்று. 1947இன் தொடக்கத்தில் நிகழ்ந்த மறியல்கள் காவல்துறையினருடன் மோதலாக முற்றின. தொழிலாளர் பலர் சிறை சென்றனர், உயிரிழப்பும் நேர்ந்தது.

கள் உடலைத் தேற்றும் என்னும் எண்ணம் அன்று வேரூன்றியிருந்தது. உடலியல் கூறுவது வேறு. ஆண் இனப்பெருக்க இயக்குநீர்களுள் தலையாயது டெஸ்டோஸ்டிரோன். 1935இல் பிரித்தெடுக்கப்பட்டுப் பெயரிடப்பெற்றது. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஏவலை ஏற்று விரைகள் அதனைச் சுரக்கின்றன. நெடுநாள் மிகுகுடி இவ்விரண்டையும் தாக்கிச் சுரப்பைக் குறைக்கும்.

உடற்பயிற்சியின் விளைவோ அளவைப் பொறுத்தது. எடை தூக்கும் பயிற்சி அவ்வியக்குநீரைச் சிறிது நேரம் உயர்த்தும். பின்னர் அது பழைய நிலைக்கே திரும்பும். உடற்பருமனுடையோர் பயிற்சியால் எடை குறைத்தால் நீடித்த உயர்வு காண்பதுண்டு. போதிய உணவும் ஓய்வுமின்றி உடலை வருத்தினால் சுரப்பு குன்றும்.

இவ்விறுதிச் செய்தி தோட்ட வரலாற்றுக்கு மிக நெருக்கமானது. போர்க்காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு உண்டு உழைத்த உடல்கள் அவை. உழைப்பு பிறர் விதித்தது. பயிற்சி தாமே மேற்கொண்டது. தொண்டர் படையினரின் குருதியை எவரும் அளந்து பார்த்ததில்லை. ஆதலால், அணிநடை அவர்தம் இயக்குநீரைப் பெருக்கிற்று என உரைப்பது வரலாறாகாது. தம் உடல் தமக்குரியது என்பதை அவர்கள் அத்திடலில் நிலைநாட்டினர் என்பதே நாம் துணிந்து கூறத்தக்கது.

இன்று மாணவர் முன் நிற்பது வேறொரு கடை: ஆண்மை பெருக்குவதாக விளம்பரம் செய்யும் மருந்துக் கடை. டெஸ்டோஸ்டிரோனை வெளியிலிருந்து செலுத்தினால் பிட்யூட்டரியின் ஏவல் அடங்கும். விந்தணு உற்பத்தியே குன்றும். ஆசிரியர்கள் 1947ஐக் கற்பிக்கும்போது இதனையும் சேர்த்துக் கற்பிப்பார்களாக.