தணிக்கை

தணிக்கை (பெயர்ச்சொல்): கணக்கு வழக்குகளைச் சான்றுகளோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தல். திரைப்படத் தணிக்கை என்னும் வழக்கும் உண்டு.

‘தணி’ என்ற வினையிலிருந்து பிறந்ததுபோல் தோன்றினாலும், இது அரபியின் ‘தன்கீஹ்’ பாரசீகம் வழியாக நம் ஆட்சிமொழியில் கலந்த வடிவம். அரபியில் அதற்குக் கிளை கழித்தல், பிழை நீக்கிச் செம்மை செய்தல் என்று பொருள். தெலுங்கின் ‘தனிகீ’, கன்னடத்தின் ‘தனிகெ’ ஆகியவையும் இவ்வழி வந்தவையே. கன்னடத்தில் அது புலன்விசாரணையைக் குறிக்கும்.

இலஞ்சி, தென்காசி வட்டார உழவருக்கு இச்சொல் கூட்டுறவுக் கடன் சங்கத்தோடு சேர்ந்தது. சங்கங்களைக் கூட்டுறவுத் தணிக்கைத் துறை ஆண்டுதோறும் தணிக்கை செய்கிறது. 1983-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 81-ஆவது பிரிவு விசாரணைக்கும், 87-ஆவது பிரிவு இழப்பைப் பொறுப்பாளரிடம் வசூலிக்கும் தண்டத்தீர்வைக்கும் வழிசெய்கின்றன.

2021-இல் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை அரசு அறிவித்து, கடன்களை ஆராய்ந்தது. போலி நகைக்குக் கடன், நகையே இல்லாமல் கடன் எனச் சில சங்கங்களின் முறைகேடுகள் அப்போது வெளிப்பட்டன. தள்ளுபடிக்குத் தகுதியற்றவை எல்லாம் மோசடியல்ல. அந்த வேறுபாட்டைப் பிரித்துக் காட்டுவதும் தணிக்கையின் கடமை.

ஏட்டை மட்டும் பார்ப்பது தணிக்கை ஆகாது. பெட்டகத்தைத் திறந்து நகையை எடைபோடுவதே தணிக்கை. சங்க உறுப்பினர்களே, பேரவைக் கூட்டத்தில் தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.